காணி தம்பியின் பெயரில், காசு அக்காவுடையது

கனடாவிலிருந்து ஒரு வாசகி, சட்டத்தரணியான எனக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 61. பிறந்தது திருகோணமலை நகரில். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோ போனவர், பிறகு கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டார். கணவர் காலமாகி நாலு வருடம். பிள்ளைகள் இருவரும் அங்கேயே வேலை, குடும்பம் என்று இருக்கிறார்கள். 2019 இல் விடுமுறைக்கு வந்தபோது உப்புவெளிக் கடற்கரையில் ஒரு துண்டுக் காணி விலைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பிரஜையின் பெயரில் எழுத முடியாது என்று சொன்னதால், சித்தியின் மகன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதப்பட்டது. காசு முழுவதும் அக்காவுடையது. தம்பியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினாராம். ‘அக்கா கேட்கும்போது அக்காவின் பெயருக்கு எழுதித் தருவேன்’ என்று தம்பி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. அதை லாமினேட் செய்து சாமியறையில் வைத்திருக்கிறார்.

காணியில் இப்போது நாலு அறை. ஒவ்வொரு வருடமும் மே மாதம் சுற்றுலா விசாவில் வந்து, செப்டெம்பர் வரை நின்று, வருகிற விருந்தினர்களை இவரே கவனித்து, வாடகையையும் வாங்குகிறார். இனிக் கனடாவை விட்டு இங்கேயே வந்துவிடலாம் என்பது எண்ணம். நகரில் 84 வயது அம்மா தன் சீதன வீட்டில் தனியாக இருக்கிறார். ‘நான் வெளிநாட்டுக்காரி என்பதால் அம்மாவுக்குப் பிறகு அந்த வீடு அரசாங்கத்துக்குப் போய்விடுமா? நினைத்தால் நித்திரை இல்லை. கடற்கரைக் காணி பற்றிப் பயமில்லை, பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் எப்படியும் எனக்குத்தானே? ஒரு தரகர் என் பழைய அடையாள அட்டையை வைத்தே உறுதியை மாற்றி எழுதலாம் என்கிறார். செய்யலாமா?’ இவைதான் கேள்விகள்.

அக்கா, உங்களை அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன், எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நித்திரை வராமல் நீங்கள் கவலைப்படுகிற வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கவலையே இல்லாமல் இருக்கிறீர்களே, அந்தக் கடற்கரைக் காணிக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன்.

தரகர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரம். செய்யவே கூடாது. பழைய அடையாள அட்டையைக் காட்டி இலங்கைப் பிரஜை என்று உறுதி எழுதினால், அது பொய்க் கூற்று. உறுதியும் நிற்காது, உங்கள் மேல் குற்ற வழக்கும் வரலாம், பின்னால் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது அதுவே குறுக்கே வந்து நிற்கும். அந்த அட்டையை எடுத்து ஓரமாக வையுங்கள்.

நீங்கள் இப்போது யார்?

‘நான் இங்கே பிறந்தவள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறது’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனதால் உண்மை. ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். யாரும் கடிதம் அனுப்புவதில்லை, யாரும் கடவுச்சீட்டைப் பறிப்பதில்லை. கனடாவில் நீங்கள் சத்தியப்பிரமாணம் செய்த அன்றே அது முடிந்துவிட்டது. என்னிடம் வருகிற புலம்பெயர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இது இந்த மேசையில்தான் தெரியவருகிறது. சிலர் கோபப்படுவார்கள், ஒருவர் அழுதே விட்டார்.

ஆனால் அந்தக் கதவு மூடப்படவில்லை. அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு இழந்த குடியுரிமையை மீளப் பெற வழி வைத்திருக்கிறது. அதைத்தான் இரட்டைக் குடியுரிமை என்கிறோம். விண்ணப்பிக்கிறவர்களுக்கு என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் சில வகைகளை வைத்திருக்கிறது. கல்வி அல்லது தொழில் தகைமை, இங்கே சொத்து, வங்கியில் நிலையான வைப்பு என்று அது போகும். 55 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகவே ஒரு வகை உண்டு, உங்களுக்கு அதுவே போதும். கனடாவிலுள்ள இலங்கைத் தூதரக அலுவலகம் மூலமே கொடுக்கலாம். உரிமையாகக் கிடைக்கிற ஒன்று என்று மட்டும் நினைக்க வேண்டாம், நாட்டுக்கு நன்மை என்று அமைச்சர் கருதினால்தான் தருவார். பொதுவாக உங்களைப் போன்றவர்களுக்கு மறுப்பதைப் பார்த்ததில்லை. இரட்டைக் குடியுரிமைக்காரர் பாராளுமன்றத்துக்கு வர முடியாது என்று 2022 இல் வந்த 21 ஆவது திருத்தம் சொல்கிறது. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரட்டைக் குடியுரிமை கைக்கு வரும்வரை நீங்கள் சட்டத்தின் கண்ணில் ஒரு கனடியச் சுற்றுலாப் பயணி. சுற்றுலா விசாவில் வந்து தங்கலாம், சுற்றலாம், அம்மாவைப் பார்க்கலாம். தொழில் செய்யக்கூடாது. நாலு அறைக்கும் நீங்கள் வாடகை வாங்கிப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்றால் அது தொழில்தான். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பீர்கள். உண்மை, தெற்கில் ஹிக்கடுவையிலும் கிழக்கில் அறுகம் குடாவிலும் வெள்ளைக்காரரே உணவகம் நடத்துகிறார்கள். அப்பப்போ பிடித்து விமானம் ஏற்றியும் விடுகிறார்கள். அடுத்த சீசனுக்கு நீங்கள் விருந்தினராக இருங்கள், கணக்கும் காசும் தம்பி பார்க்கட்டும்.

கடற்கரைக் காணி

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (கைமாற்றக் கட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. அதனால் தம்பி பெயரில் எழுதினீர்கள். அந்தச் சட்டத்தைத் தாண்டுவதற்காகச் செய்த ஏற்பாடு என்பதாலேயே, நாளைக்குப் பிரச்சினை வந்து நீதிமன்றம் போனால் நீங்கள் நிற்கிற நிலம் வழுக்கும்.

லாமினேட் கடிதத்தைப் பற்றி. இலங்கையில் காணி சம்பந்தமான எந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தது, இன்றைக்கும் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. முத்திரை ஒட்டினாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாலும், அந்தக் கடிதத்தை வைத்து ‘காணியை எழுதித் தா’ என்று தம்பியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் காசில் மற்றவர் பெயரில் வாங்கிய சொத்தில் நம்பிக்கைப் பொறுப்பு உருவாகும், அதாவது பெயருக்குரியவர் காசு கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது உண்மைதான், வாய்மொழிச் சாட்சியத்தோடும் அப்படிப்பட்ட வழக்குகள் வென்றிருக்கின்றன. ஆனால் ‘ஏன் உங்கள் பெயரில் வாங்கவில்லை?’ என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது உங்களுடைய பதில்தான் உங்களுக்கு எதிரான சாட்சியம். எதற்கும் காசு அனுப்பிய வங்கிப் பத்திரங்களைத் தொலைத்துவிடாதீர்கள், கடிதத்தை விட அவற்றுக்குப் பெறுமதி அதிகம்.

பத்து வருடக் கதையையும் விட்டுவிடுங்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் பத்து வருடம் இருக்கிறது, ஆனால் அது உரிமையாளருக்கு எதிராக, அவருடைய சம்மதம் இல்லாமல் ஆண்டு அனுபவித்தவருக்கு. நீங்கள் தம்பியின் சம்மதத்தோடு அவருடைய காணியில் இருக்கிறீர்கள். இருபது வருடம் இருந்தாலும் கணக்கு தொடங்காது.

தம்பி தங்கமானவர் என்கிறீர்கள். நம்புகிறேன். இந்தத் தொழிலில் நான் பயப்படுவது கெட்ட தம்பிகளுக்கு அல்ல, அவர்களை ஊரே அடையாளம் காட்டிவிடும். நல்ல தம்பிக்கும் மாரடைப்பு வரும். அவர் உயில் எழுதாமல் போனால் பொதுச் சட்டப்படி காணியில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. ‘இது மாமியின் காசு’ என்று அந்தப் பிள்ளைகள் எத்தனை வருடம் நினைவு வைத்திருப்பார்கள்? அவர் உங்களுக்கு உயில் எழுதினாலும், மனைவி பிள்ளை இருக்கும்போது நீங்கள் அவருக்கு நெருங்கிய வாரிசு அல்ல, நீங்கள் வெளிநாட்டவராக இருக்கும்வரை அதே சட்டம் குறுக்கே நிற்கும். அவர் பட்ட கடனுக்கு வங்கி அந்தக் காணியைக் கைப்பற்றவும் கூடும்.

சரி, என்ன செய்யலாம்? இரட்டைக் குடியுரிமை வந்துவிட்டால் 2014 சட்டத்தின் தடை உங்களுக்கு இல்லை. அன்றைக்குத் தம்பி நொத்தாரிசு முன்னால் வந்து முறையாக உங்கள் பெயருக்கு எழுதித் தரலாம். அதுவரைக்கும் இடைவழி வேண்டுமென்றால் குத்தகை. வெளிநாட்டவருக்கு 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நொத்தாரிசு உறுதியாக எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தால், தம்பிக்கு ஏதாவது நடந்தாலும் அவருடைய வாரிசுகளை அது கட்டுப்படுத்தும். இனி ஏதாவது முதலீட்டுக் காசு அனுப்பினால் தம்பியின் கணக்குக்கு அனுப்பாமல், வங்கியில் உங்கள் பெயரிலேயே உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதனூடாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் விற்றுவிட்டுக் காசைத் திரும்பக் கனடாவுக்குக் கொண்டுபோகப் பெரும்பாடு படவேண்டும்.

ஆனால் இதெல்லாம், தம்பியிடம் இருப்பது முழு உரிமை தருகிற உண்மையான அறுதி உறுதி என்றால்தான். கடிதத்தில் ‘பெர்மிட்டும் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அங்கேதான் நான் நின்றுவிட்டேன். திருகோணமலை மாவட்டத்தில் ஏராளமான காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேறிகளுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரத்தைத்தான் பெர்மிட் என்கிறோம். பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ‘பெர்மிட் காணி, ஆனால் நொத்தாரிசு எழுதித் தந்தார்’ என்று வருகிற ஆட்களுக்கு நான் சொல்வது, நொத்தாரிசு எழுதியது நல்ல தமிழ், அவ்வளவுதான். பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் விசாரித்து, காணிப் பதிவகத்தில் பழைய பதிவேடுகளையும் பின்னுக்குத் தேடிப் பார்க்க வேண்டும். இடப்பெயர்வு நடந்த ஊர் இது. விற்றவருக்கு முன்னால் அங்கே யார் இருந்தார் என்பது முக்கியம்.

அறைகள் கட்டியபோது கரையோரம் பேணல் திணைக்களத்திடம் அனுமதி எடுத்தீர்களா என்றும் நீங்கள் சொல்லவில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, கடல் ஏறுகிற சராசரி எல்லையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் என்றால் அனுமதி வேண்டும், உங்கள் கையில் உறுதி இருந்தாலும். ஒரு மார்கழியில் அலஸ்தோட்டத்தில் ஒரு கட்சிக்காரருடைய காணியைப் பார்க்கப் போனேன். நில அளவையாளர் வரைபடத்தைக் காற்றுக்குப் பறக்காமல் முழங்காலால் அமத்திக்கொண்டு கடல் பக்கத்து எல்லைக்கல்லைத் தேடுகிறார். கல் இருந்தது, தண்ணீருக்குள். ஒரு அலை பின்வாங்கும்போது தலை தெரியும், அடுத்த அலையில் மறையும். பங்குனியில் அளந்து வாங்கிய காணி அது.

அம்மாவின் வீடு

இதற்கு நித்திரையை விட வேண்டியதில்லை. 2014 சட்டமே விதிவிலக்கு வைத்திருக்கிறது. உரிமையாளரின் நெருங்கிய வாரிசு வெளிநாட்டவராக இருந்தாலும், வாரிசுரிமையாகவோ நன்கொடையாகவோ உயில் மூலமோ காணி அவருக்குப் போகலாம். நீங்கள் அம்மாவின் மகள். அரசாங்கம் எடுக்காது. உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் இதே வழி இருக்கிறது, ஒரு உயில் எழுதி வையுங்கள்.

அம்மா மனத்தெளிவோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதுவது நல்லது, ஆனால் சீவிய உரித்தை அவருக்கே வைத்து. அதாவது வீடு உங்கள் பெயருக்கு வரும், அவர் இருக்கும்வரை அவரை யாரும் எழுப்ப முடியாது. அந்த உறுதியில் நீங்கள் நன்கொடையை ஏற்றுக்கொண்டதாகவும் இருக்க வேண்டும், அதை மறந்து எழுதி வம்பில் மாட்டிய உறுதிகளைப் பார்த்திருக்கிறேன். கூடப்பிறந்தவர்கள் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இருந்தால், உறுதி எழுதுவதற்கு முன்னால் தொலைபேசியில் ஒரு வார்த்தை. சட்டம் கேட்காது, கல்யாண வீட்டில் கேட்பார்கள்.

உண்மையில் அந்த வீட்டுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரலாம். அம்மாவும் நீங்களும் தம்பிக்குப் பொது அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காக அவர் செயற்படுவதற்கான அதிகாரப் பத்திரம், கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று எடுத்து வாசியுங்கள், பெரும்பாலும் இருக்கும். அதை இரத்துச் செய்து, இரத்தையும் பதிந்து, மின்சாரக் கட்டணம் கட்ட, அலுவலகங்களில் ஆஜராக என்று தேவையானதற்கு மட்டும் விசேட தத்துவம் ஒன்று கொடுங்கள். தம்பியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ‘வக்கீல் சொன்னார்’ என்று பழியை என் மேல் போடுங்கள், பரவாயில்லை.

சீசன் முடிந்த பிறகு

இது சட்டக் கேள்வி அல்ல, நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். 2019 முதல் நீங்கள் உப்புவெளியைச் சோளகக் காற்றில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். கடல் கண்ணாடி மாதிரி, புறாமலைக்குப் படகுகள், இரவு பத்து மணிக்கும் கடற்கரையில் விளக்கு. ஐப்பசியில் வாடை தொடங்கினால் அது வேறு ஊர். வேலைக்கு வந்த பெடியள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள், அங்கே அப்போதுதான் சீசன். உணவகங்களில் கதிரைகளைத் தலைகீழாக அடுக்கிக் கயிறு போட்டிருப்பார்கள். பூட்டுகளுக்கு கிரீஸ் பூசிப் பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் தையில் திறப்பு உள்ளே போகாது. கோடையில் வெள்ளைக்காரர் சோறு போட்டு வளர்த்த நாய்கள் படலையடியில் வந்து நின்று பார்க்கும். வருமானம் ஐந்து மாதம், செலவு பன்னிரண்டு மாதம். உப்புக்காற்றில் ஏசியும் பம்பும் எத்தனை நாள் ஓடும் என்று தம்பியிடம் கேளுங்கள்.

கனடியச் சட்டம் என் துறை அல்ல, ஆனால் இதை அங்கே கட்டாயம் சரிபாருங்கள். 65 வயதில் வரும் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு, 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது கனடாவில் வாழ்ந்தவருக்கு எந்த நாட்டில் இருந்தாலும் வரும். அதற்கு மேல் குறைந்த வருமானக்காரருக்குக் கொடுக்கும் உபரித் தொகை ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே நிற்க வேண்டும். இப்போது செய்கிறபடி ஐந்து மாதம் இங்கே, ஏழு மாதம் அங்கே என்றால் இதில் ஒன்றும் கெடாது. என்னைக் கேட்டால், 84 வயது அம்மா இருக்கும்வரை குளிரையும் கொஞ்சம் இங்கே கழிக்கலாம், ஆனால் ரொறன்ரோ ஸ்காபரோவிலுள்ள வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். வந்து நிற்பதும் உப்புவெளியில் அல்ல, நகரில் அம்மாவோடு.

ஆக, குடியுரிமை விண்ணப்பம் முதலில், அதோடு அற்றோணித் தத்துவத்தை இரத்துச் செய்வது, பிறகு அம்மாவின் உறுதி. பெர்மிட் விஷயம் தெளிவாகும்வரை கடற்கரையில் இன்னொரு கல்லும் வைக்காதீர்கள். இந்த முறை மே வரைக்கும் பார்த்திருக்காமல் மார்கழியில் வாருங்கள். வரும்போது காசு அனுப்பிய பத்திரங்கள், தம்பியிடமிருக்கும் உறுதியின் பிரதி, பெர்மிட், வரைபடம், அம்மாவின் சீதன உறுதியின் மூலப்பிரதி எல்லாவற்றையும் எந்தச் சட்டத்தரணியிடம் போகிறீர்களோ அவரிடம் கொண்டுபோங்கள். சீதன உறுதியை மட்டும் தயவுசெய்து லாமினேட் செய்துவிடாதீர்கள்.